ரப்பர் விலையும் நம் வீட்டு உலையும்

விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளி ஒருவரிடம் இவ்வாறு கேட்டுப் பார்ப்போம்: "நேற்று வெட்டியதும் இதே மரம், இன்று வெட்டுவதும் இதே மரம். உங்கள் உழைப்பிலும் குறைவில்லை. மங்கில் வடியும் பாலிலும் குறைவில்லை. அப்படியிருக்க வருமானம் மட்டும் ஏன் ஏறி இறங்குகிறது?"

"விலை விழுந்துவிட்டது" என்பார் அவர். ஏன் விழுந்தது என்று மேலும் வினவினால், "எல்லாம் நம் தலையெழுத்து" என்று கூறிவிட்டு உளியைத் தீட்டத் தொடங்குவார்.

விலை விழுந்தது உண்மை. ஆனால் அது தலையெழுத்தன்று. மழைக்கு முன்னர் மேகம் திரள்வதுபோல் விலையின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணங்கள் உண்டு. அவற்றுள் பல கடல் கடந்த நாடுகளில் பிறந்து, கப்பலேறி வந்து, நம் வீட்டு அடுப்பங்கரையில் நுழைகின்றன. அவை வரும் வழியை அறிந்தவர் எல்லா இழப்பையும் தடுத்துவிட முடியாது. ஆயினும் முன்னேற்பாடு செய்துகொள்ள முடியும். தோட்டப்புற வாழ்வோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒட்டி வந்துள்ள ரப்பரையே பாடமாகக் கொண்டு, அவ்வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விலை எங்கே பிறக்கிறது?

மழைக்காலத்தில் படகுகள் கடலுக்குச் செல்லாத நாளில் சந்தையில் மீன் விலை ஏறுகிறது. வாங்குவோர் பலர், மீன் சில. ஆகவே விலை ஏற்றம். மீன் குவிந்து கிடக்கும் நாளில் அதே மீன் மலிவாகிறது. ரப்பருக்கும் இதுவே விதி. ஒரேயொரு வேறுபாடு உண்டு. மீனை வாங்குபவர் நம் தெருவில் இருக்கிறார். ரப்பரை வாங்குபவரோ பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கிறார்.

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு வாகனங்களின் டயர்களுக்கே செல்கிறது. முன்னாளில் அதனைப் பெருமளவில் வாங்கிய நாடு அமெரிக்கா, இந்நாளில் சீனா. அங்கே மக்கள் கையில் பணம் புரண்டால் கார்கள் விற்பனையாகும். கார்கள் விற்றால் டயர் தேவைப்படும். டயர் தேவைப்பட்டால் ரப்பருக்குக் கிராக்கி ஏற்படும். அங்கே தொழிற்சாலை ஒன்று கதவடைத்தால் இங்கே ஒரு நிரையின் வருமானம் சுருங்கும். ரப்பர் வெட்டுபவர் அந்தத் தொழிற்சாலையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

இதனோடு வேறு இரு காரணங்களும் சேர்கின்றன. ஒன்று பெட்ரோலியத்தின் விலை. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவதால், எண்ணெய் மலிந்தால் செயற்கை ரப்பரும் மலிந்து நம் இயற்கை ரப்பரோடு போட்டியிடுகிறது. மற்றொன்று நாணய மதிப்பு. உலகச் சந்தையில் ரப்பருக்குக் கிடைப்பது அமெரிக்க டாலர். நம் கைக்கு வருவது மலேசிய வெள்ளி. இரண்டுக்கும் இடையேயுள்ள மாற்று விகிதம் மாறினால் நம் வரவும் மாறும்.

ஏழாண்டுக் கணக்கு

மீனுக்கும் ரப்பருக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. மீன் விலை ஏறினால் மறுநாளே கூடுதலான படகுகள் கடலுக்குப் போகும். ரப்பர் விலை ஏறினால் உடனே கன்று நடலாம். ஆனால் அது பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் உலகம் எவ்வளவோ மாறிவிடும். விலையின் பெரும் ஏற்றத் தாழ்வுகளுள் பாதியை இந்த ஒரு கணக்கே விளக்கிவிடுகிறது.

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவ்விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலா கங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அப்போதும் தோட்ட முதலாளிகள் பெரும்பாலோர் காப்பியையே நம்பியிருந்தனர். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்த பின்னரே அவர்கள் பார்வை ரப்பர் மீது திரும்பியது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார்.

பின்னர் மோட்டார் வாகனம் வந்தது. 1910ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கையும் தாண்டியது. காடுகள் அழிக்கப்பட்டுக் கன்றுகள் நடப்பட்டன. தமிழகத்து ஊர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். ஆக, நம் குடும்பங்கள் இந்நாட்டில் வேர் விட்டதற்கே ஒரு பொருளின் விலையேற்றம் முக்கியமான காரணமாய் அமைந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த ஆசையில் நட்ட மரங்கள் எல்லாம் முதிர்ந்து பால் சொரிந்தபோது, முதல் உலகப் போருக்குப் பிந்திய மந்தமும் சேர்ந்துகொண்டது. 1921இல் ஓர் இராத்தலின் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிற்று.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கிலோ ரப்பர் 5 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. அதற்கு முந்திய ஆண்டுகளின் நல்ல விலையை நம்பி வியட்நாம், லாவோஸ் போன்ற நாடுகளில் ஏராளமான நிலத்தில் ரப்பர் நடப்பட்டது. அம்மரங்கள் பால் தரத் தொடங்கியபோது சீனாவின் வளர்ச்சி வேகமும் தணிந்தது. 2016இன் தொடக்கத்தில் விலை 2011இன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. ஆண்டு மாறியது, நாடு மாறியது, கணக்கு மாறவில்லை.

1930: லயத்தில் நுழைந்த உலக மந்தம்

பொருளாதாரம் என்பது ஏட்டில் உள்ள சொல்லன்று என்பதை நம் தாத்தா பாட்டிமார்க்கு உணர்த்தியது 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன. 1929இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் வாகனங்களைச் செய்த அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1932இல் ஏறத்தாழ 13 லட்சம் வாகனங்களையே செய்தன. உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கிய நாடு அது. விளைவு என்னவாகும்? 1932இல் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 2 பென்சுக்கும் கீழே விழுந்தது. பன்னிரண்டு ஷில்லிங் என்பது 144 பென்சு. அந்த 144 எங்கே, இந்த 2 எங்கே!

1920களின் இறுதியில் பெரும்பாலான தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் இறங்கிற்று. ஆள் சேர்க்கும் கங்காணி முறை நிறுத்தப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மந்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஆள் வேண்டும் என்று தேடி அழைத்து வந்த அதே கப்பல்கள், ஆள் வேண்டா என்று ஏற்றிச் சென்றன. அவர்கள் உழைப்பில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அரிசி விலையும் அப்போது இறங்கியது என்பது உண்மை. அதனால் கூலிக் குறைப்பு தாங்கத்தக்கதே என்று முதலாளிகள் தரப்பில் வாதிக்கப்பட்டது. ஆனால் கடன் இறங்கவில்லை. கடைக்காரரிடம் 50 காசுக் கூலியை நம்பி வாங்கிய கடனை 40 காசுக் கூலியில் அடைக்க வேண்டியதாயிற்று. ஊரில் அடகு வைத்த நிலமும் வட்டியோடு காத்திருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு வருமானம் குறைந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. மாத வருமானத்தை 100 பங்காகக் கொள்க. உணவுக்கு 60, கடனுக்கும் தவணைக்கும் 15, எஞ்சிய 25 பங்கில் பிள்ளைகளின் படிப்பு, மருந்து, துணிமணி, சேமிப்பு ஆகியவை அடங்கும். வருமானம் 80 ஆகிறது. சோற்றைப் பெரிதும் குறைக்க இயலாது. கடனைக் குறைக்கக் கடன்காரர் இசையார். 60உம் 15உம் சேர்ந்து 75 போக, மிஞ்சுவது 5. வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் படிப்புக்கும் மருந்துக்கும் உரிய பங்கில் ஐந்தில் நான்கு மறைந்துவிட்டது. விலை வீழ்ச்சி முதலில் தொடுவது உலையை அன்று. பிள்ளையின் புத்தகப் பையை. ஏழைக் குடும்பத்தின் இன்றைய வறுமை நாளைய தலைமுறைக்கும் கைமாறுவது இவ்வழியில்தான்.

நாடுகளின் உறவை மாற்றிய ரப்பர்

இனி, இதே விலை உலக அரசியலை எவ்வாறு ஆட்டி வைத்தது என்பதைக் காண்போம்.

1922இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது; அமெரிக்கா சினந்தது. பிறர் கையை எதிர்பார்க்கலாகாது என்று கருதி, ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல் லைபீரியாவில் தோட்டம் அமைக்க உடன்படிக்கை செய்தது. ஃபோர்டு பிரேசில் காட்டில் ஒரு தோட்ட நகரையே எழுப்ப முனைந்தார். திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் தம் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டன. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒருவர் மட்டும் அணை கட்டினால் வெள்ளம் அடுத்தவர் வயல் வழியே வரும் என்பது இதனால் விளங்கிற்று. ஆகவேதான் 1934இல் ரப்பர் விளையும் பகுதிகளை ஆண்ட பல நாடுகள் கூடிப் புதிய கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

மந்தத்துக்குப் பின் ஓரளவு நிமிர்ந்த கூலி 1938இல் மீண்டும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. தோட்டத்துக் கூலிப் பிரச்சினை இரு அரசாங்கங்களுக்கு இடையிலான பிரச்சினையாக வளர்ந்ததை இங்கே காண்கிறோம்.

1942இல் ஜப்பானியர் மலாயாவையும் டச்சுத் தீவுகளையும் கைப்பற்றினர். நேச நாடுகளுக்குக் கிடைத்து வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. டயர் இன்றிப் படை நகராது. அமெரிக்கா தன் அறிவியலாரையும் தொழிற்சாலைகளையும் முடுக்கிவிட்டு, 1944இல் ஏழு லட்சம் டன்னுக்கும் மேலாகச் செயற்கை ரப்பரை உற்பத்தி செய்தது. போர் முடிந்தது, ஆனால் அப்போட்டி இன்றளவும் முடியவில்லை.

போருக்குப் பின் மலாயாவின் ரப்பரும் ஈயமும் ஈட்டிய டாலர், கடனில் மூழ்கியிருந்த பிரிட்டனுக்குப் பெருந்துணையாயிற்று. 1950 ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டதும் வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949இல் இராத்தல் 40 காசுக்குள் விற்ற ரப்பர் 1951இன் தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. போர் முனையில் எவரோ மடிய, இங்கே சிலர் செல்வரானார்கள். கொரியக் கிராமத்தின் துயரமும் மலாயாத் தோட்டத்தின் செழிப்பும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

1973–74: இரு பக்க இடி

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. ஒரு பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த பெட்ரோலியம் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. செயற்கை ரப்பரின் விலை ஏறவே, இயற்கை ரப்பருக்கும் முதலில் நல்ல விலை கிடைத்தது. ஆனால் எண்ணெய் விலையேற்றத்தால் தொழில் வள நாடுகள் மந்தத்தில் வீழ்ந்தன. கார் விற்பனை குறைந்தது. ரப்பர் விலை சரிந்தது. மற்றப் பொருள்களின் விலையோ இறங்கவில்லை. 1974இல் நம் நாட்டில் விலைவாசி ஏறத்தாழ 17 விழுக்காடு உயர்ந்தது. வரவு குறைந்தது, செலவு கூடியது. கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் ரப்பர் வெட்டும் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தம் குறையை முழங்கினர். தலைநகரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காகத் தெருவில் இறங்கினர். பசி பேசத் தொடங்கினால் நாடே செவிசாய்க்க வேண்டியிருக்கும்.

இதன் பின்னரே விலைக்கு அணை கட்டும் முயற்சி வலுப்பெற்றது. 1979இல் அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் அமைப்புக்குக் கோலாலம்பூர் தலைமையிடமாயிற்று. விலை மிகத் தாழும்போது ரப்பரை வாங்கிச் சேமிப்பது, மிக ஏறும்போது விற்பது என்ற நோக்குடன் 5,50,000 டன் சேமிப்புக்கு வகை செய்யப்பட்டது. வாங்கும் நாடுகளும் விற்கும் நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்தன என்பது அதன் சிறப்பு.

எனினும் அந்த அணையும் நிலைக்கவில்லை. 1997 ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்தது. ஆசிய நெருக்கடி தொடங்கியது. ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி என்றிருந்த நம் நாணயம் 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை தாழ்ந்தது. டாலரில் ரப்பர் விலை விழுந்தபோதும், மதிப்பிழந்த வெள்ளியில் கணக்கிட்டபோது அது மிகவும் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே வேண்டிய நேரத்தில் சேமிப்பு அமைப்பு போதிய அளவு வாங்கவில்லை என்ற மனக்குறை எழுந்தது. மலேசியா விலகியது, 1999 அக்டோபரில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

மண்ணின் விலை

ரப்பர் விலையைவிட ஆழமாக நம் வாழ்வைத் தொட்டது மண்ணின் விலை. விடுதலைக்குப் பின் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்து நின்ற குடும்பங்களைக் கண்டு, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்தனர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. வெட்டிய மரத்துக்கே உரிமையாளராகும் வழி அங்கே திறந்தது.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில், சில மணி நேரத்துக்குள், கத்ரி நிறுவனத்தின் பெரும்பங்கைப் பெர்மோடாலான் நேஷனல் வாங்கியது. அந்நியர் கையிலிருந்த தோட்டங்கள் நாட்டின் உடைமையாயின. எனினும் உரிமையாளர் மாறியதனால் மட்டும் லயத்துக் குடும்பத்துக்குச் சொந்த வீடு கிடைத்துவிடவில்லை.

இதற்கிடையே பல தோட்டங்களில் பால்மரம் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் உலகின் முதன்மை ரப்பர் உற்பத்தி நாடு என்ற இடத்தைத் தாய்லாந்து பெற்றது. நகரங்கள் விரிய விரிய, ஓர் ஏக்கர் மரம் தரும் வருவாயைவிட அந்த ஏக்கரில் எழும் வீடுகளும் ஆலைகளும் தரும் வருவாய் பன்மடங்காயிற்று. இன்றைய புத்ராஜெயா நகர் எழுந்திருக்கும் இடத்தில் முன்பு இருந்தது, சிறந்த ரப்பர் இனங்களுக்குப் பெயர்பெற்ற பெராங் பெசார் தோட்டம். நாட்டுக்கு வளர்ச்சி வந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தபோது வீடு, கோயில், பள்ளி, அண்டை அயல் உறவு எல்லாம் ஒன்றாகக் கைவிட்டுப் போயின. நகரின் ஓரத்தில் வாடகை வீட்டில் புதுவாழ்வு தொடங்கிய குடும்பங்கள் பல நம்மிடையே உள்ளன.

நாம் கற்கவேண்டியவை

மேற்கண்ட வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. தோட்டக் குடும்பத்தின் கூலி, வீடு, பிள்ளையின் எதிர்காலம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அக்கயிறு உலகச் சந்தையின் கையில் இருந்தது. விலையை நம்மால் நிறுத்த முடியாது. அம்முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க முடியும். அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, கூலி. தனியொருவர் கேட்டால் விலையைக் காட்டி மறுத்துவிடலாம். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பின், கூலி பேச்சுவார்த்தைக்கு உரிய பொருளாயிற்று. ஆயினும் பழைய ஒப்பந்தங்களில் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாடே நிலவியது. அடிநிலையில் ஒரு தளம் இட்டது குறைந்தபட்ச ஊதியச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தம் உரிமை எவ்வளவு என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வீடு. நல்ல விலைக் காலம் நிலையானது என்று எண்ணித் தவணைக் கடனில் பொருள் வாங்கிக் குவிப்பதைவிட, சொந்த வீட்டுக்கும் கூட்டுறவுப் பங்குக்கும் சேமிப்பது அறிவுடைமை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கல்வி. நாம் முன்னர் இட்ட கணக்கை நினைவில் கொள்க. வருமானம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது எதுவோ, அதனையே கடைசிவரை காக்க வேண்டும். ஒரே பயிரை நம்பிய தோட்டம் விலை வீழ்ச்சியில் தள்ளாடுவதுபோல, ஒரே தொழிலை நம்பிய குடும்பமும் தள்ளாடும். வீட்டில் ஒருவருக்கேனும் வேறொரு தொழில் தெரிந்திருப்பது இரண்டாவது பயிர் நட்டதற்கு ஒப்பாகும்.

நான்காவது, செய்தி. எண்ணெய் விலை, நாணய மாற்று, சீனாவின் கார் விற்பனை ஆகியவை படித்தவர்க்கே உரிய செய்திகள் என்று எண்ணி ஏட்டைப் புரட்டிவிடுகிறோம். அவை நம் வீட்டுச் செய்திகள். இன்று செம்பனைக் காட்டில் உழைப்பவர்க்கும் ஆலையில் உழைப்பவர்க்கும் இது பொருந்தும்.

கலந்துரையாடச் சில வினாக்கள்

1. உங்கள் வட்டாரத்தில் முன்பு இருந்த தோட்டங்கள் எவை? அவை எந்த ஆண்டில், எக்காரணத்தால் மாறின? பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. உங்கள் குடும்ப வருமானத்தை 100 பங்காக்கி, எதற்கு எத்தனை பங்கு செல்கிறது என்று கணக்கிடுக. அது 80 ஆனால் எதனைக் குறைப்பீர்கள்?

3. ரப்பர் விலை ஏறும்போது எல்லோரும் கன்று நட்டால், ஏழாண்டுக்குப் பின் என்ன நேரும்?

இவற்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து சிந்தித்துப் பாருங்கள். "விலை ஏன் விழுந்தது?" என்று நாளை உங்கள் மகனோ மகளோ கேட்டால், தலையெழுத்து என்று சொல்லி உளியைத் தீட்ட வேண்டியதில்லை. அருகில் அமர்த்திக் காரணம் சொல்லலாம்.